மஞ்சள் கோட்டுக்கு வெளியே

நாற்பத்தியொரு சாம்பல் தொட்டிகளையும்
நான்தான் கழற்றினேன்.
ஒவ்வொன்றுக்கும் நாலு திருகாணி.
நூலகத்தின் பின்சுவரில் இருந்தது மட்டும்
துருவேறி அசைய மறுத்தது.
எண்ணெய் விட்டேன். திருப்புளியின் பிடியால் தட்டினேன்.
கழன்றபோது சுவரில்
வெளிறிய ஒரு செவ்வகம்,
பிளாஸ்டரை உரித்த தோல் போல.

ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து
காசல் நகரத்து எங்கள் வளாகம்
புகையிலை இல்லாத இடம்.
அறிவிப்பில் மூன்று மொழி. தமிழ் இல்லை.
தேவையும் இல்லை:
இங்கே தமிழில் புகைப்பவள் நான் ஒருத்திதான்.

அதுவும் வீட்டுக்குத் தெரியாமல்,
பதினோரு வருடம்.
காலை ஆறே முக்காலுக்கு ஒன்று.
இரண்டாம் மாடிக் கழிவறைகள் முடிந்ததும் ஒன்று.
பிறகு ஏலக்காய்,
பிறகு கைக்கு எலுமிச்சைக் களிம்பு,
பிறகு ஒன்றும் அறியாதவளாய் வீட்டுக் கதவு.

அந்தச் சுவரடியில் என் பெயர் ஃப்ராவ் யோகா.
யோகராணி என்று முழுதாய்ச் சொல்ல
ஒரு சிகரெட் நேரம் யாருக்கும் போதவில்லை.
பேராசிரியர் வீகாண்ட் நெருப்புக் கேட்பார்.
கல்லில் படரும் பாசியை ஆராய்கிற யானிக்
இதுதான் கடைசி என்பான், ஒவ்வொரு முறையும்.
மழைக்கு ஒரே தகரத்தின் கீழ் ஒதுங்குவோம்;
உள்ளே போனால்
அவர்கள் நடந்த தரையை நான் துடைப்பேன்.
இதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை.
நிற்க ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

பத்து வயதில்
புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.
இலை புரட்டிப் புழுப் பொறுக்கியிருக்கிறேன்.
விரலில் பிசின் ஒட்டியபடி சோறு தின்றிருக்கிறேன்.
அதெல்லாம் பெண்பிள்ளை செய்யலாம்.
பற்றவைப்பதில்தான் மானம் போகிறது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.
அந்தத் தொட்டிக்கு நேர்மேலே ஒரு யன்னல்.
பதினோரு வருடமும் சாத்தியே இருந்தது.
அந்தப் பக்கத்து அறைகள் என் முறையில் இல்லை;
பழைய பொருள் போடும் அறை என்று நினைத்திருந்தேன்.
இரண்டாம் திகதி அது திறந்திருந்தது.
உள்ளே அட்டவணை எழுதுகிற எல்கே.
மேசையில் இன்ஹேலர்.
யன்னல் விளிம்பில், ஸ்டிக்கர் கூடக் கிழிக்காத
புதினாச் சட்டி.
"குட்டன் மோர்கன்" என்றாள்.
ஒருநாளும் கண்ணாடியைத் தட்டியதில்லை அவள்.
ஒருநாளும் நிமிர்ந்ததில்லை நான்.

வளாகம் முடிகிற இடத்தில் மஞ்சள் கோடு.
அப்பால் தெரு.
தெருவில் டிராம் நிறுத்தம்.
டிராமில், வெள்ளிக்கிழமையென்றால்,
கோயிலுக்குப் போகிற எங்கள் சனம்.
சட்டம் எழுதியவர்களுக்கு இது எப்படித் தெரியும்?
பின்சுவரில் ஒளிந்திருந்தவளைத்
தூக்கி மேடையில் நிறுத்திவிட்டார்கள்.

யானிக் வந்தான்.
வீகாண்ட் வரவில்லை.
விட்டுவிட்டாராம். காருக்குள் புகைக்கிறார்
என்று சொல்பவர்களும் உண்டு.

பற்றவைத்து இரண்டு இழுப்பு.
டிராம் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு,
சிவப்பு விளக்குக்காக நகராமல் நின்றது.
மூன்றாவது யன்னலில் தவமலர் அக்கா.
கோயில் கணக்கோடு
ஊர்க் கணக்கும் பார்ப்பவர்.
கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தேன்.
கை போகவில்லை.
நுனியில் சாம்பல் நீண்டு, வளைந்து,
விழாமல் நின்றது.

கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தாரா,
என்னைத்தான் பார்த்தாரா,
பச்சை விழும்வரை தெரியவில்லை.
விழுந்த பிறகும்.

பாதியில் அணைத்தேன்.
தெருவில் தொட்டி கிடையாது.
கீழே போட்டால் நாளை பெருக்கப்போவது
யாரோ இன்னொரு யோகா.
மிச்சத்தைக் குளிர்ச்சட்டைப் பையில் போட்டேன்.
கோட்டைத் தாண்டி உள்ளே வந்து
வாளிக்குச் சுடுநீர் திறந்தேன்.

வீட்டுக் கதவில் சாவி நுழைக்கும்வரை
ஏலக்காய் ஞாபகமே வரவில்லை.